மீன் தொட்டியில் தீனி மிகுந்துவிட்டால்

ஒசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் பல வீடுகளின் முன்னறையில் இன்று கண்ணாடி மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. ஆலைகளில் ஷிப்ட் முறையில் வேலைக்குச் செல்வோர் நிறைந்த ஊர் என்பதால், இத்தொட்டிகளுக்கு மற்ற ஊர்களில் அவ்வளவாக இல்லாத ஒரு தொல்லை நேருகிறது. காலை ஷிப்டுக்குப் புறப்படுபவர் ஒரு சிட்டிகை தீனி போட்டுவிட்டுப் போகிறார். பள்ளி விட்டு வரும் பிள்ளை ஒரு சிட்டிகை போடுகிறது. பகல் முழுதும் வீட்டிலிருக்கும் பாட்டி, மீன் கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்து, பாவம் பசிக்கிறது போலும் என்று இன்னொரு சிட்டிகை போடுகிறார். இரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்கு இவை எதுவும் தெரியாது. ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல் நாள் ஒன்றுக்கு நாலைந்து வேளை தீனி விழுகிறது.

ஆயுத பூசை, பொங்கல் விடுமுறைகளில் ஊருக்குப் போகும்போது நிலைமை இன்னும் மோசம். நான்கு நாள் தீனியை ஒரே தடவையாகக் கொட்டிவிட்டுக் கதவைப் பூட்டுகிறார்கள். சில வீடுகளில் சிறு குழந்தை டப்பாவையே கவிழ்த்துவிடுவதும் உண்டு. மறுநாள் தண்ணீர் பால் கலந்தாற்போல் வெளுக்கிறது. நாற்றம் வீசுகிறது. மீன்கள் மேலே வந்து வாயால் காற்றை இழுக்கின்றன.

இந்நிலையில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீர் முழுவதையும் கொட்டி, கற்களையும் பில்டரையும் சோப்புப் போட்டுக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பி, மீன்களைத் திரும்ப விடுகிறார்கள். தொட்டி பளிச்சென்று இருக்கும். ஆனால் இரண்டொரு நாளில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். பழி தீனி போட்ட குழந்தையின் மேல் விழும். அந்தத் தீனியைப் போட்ட பிறகும் பல மீன்களைப் பிழைக்க வைத்திருக்கலாம். அவற்றைக் கொன்றது பெரியவர்கள் அவசரத்தில் செய்த சுத்தம் என்பது வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

ஒன்றரை கிராம் யூரியா

மீன் தின்று வயிறு வெடித்துச் சாவதில்லை. சாவு தண்ணீரிலிருந்து வருகிறது. இதை விவசாயிகளுக்குப் புரிய வைப்பது எளிது.

கடையில் விற்கும் மீன் தீனியில் நூற்றுக்கு 40 பங்கு அளவுக்குப் புரதம் இருப்பது வழக்கம். புரதத்தில் நூற்றுக்கு 16 பங்கு தழைச்சத்து. ஆக, 10 கிராம் தீனியில் 0.64 கிராம் தழைச்சத்து இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை கிராம் யூரியாவில் உள்ள அளவு இது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் கல், செடி போக 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் இந்தத் தீனி முழுதும் அழுகினால் லிட்டருக்கு 12 மில்லிகிராமுக்கு மேல் அமோனியா வடிவில் தழைச்சத்து சேரும். மீன் தின்று கழித்தாலும் பெரும்பகுதி இதே அமோனியாவாகத்தான் செவுள் வழியே வெளிவருகிறது. 5 லிட்டர் கண்ணாடிக் கிண்ணமாயின் இதே கேட்டை விளைவிக்க ஒரே ஒரு கிராம் தீனி போதும்.

வயலில் இட்ட யூரியா அமோனியாவாகி, பின் நைட்ரைட்டாகி, முடிவில் பயிர் எடுத்துக்கொள்ளும் நைட்ரேட்டாக மாறுகிறது. மண்ணிலுள்ள ஒருவகை நுண்ணுயிர்கள் இதைச் செய்கின்றன என்பதை 1890-ஆம் ஆண்டு வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி அவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். மீன் தொட்டியிலும் அவ்வினத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களே வேலை செய்கின்றன. அமோனியாவை நைட்ரைட் ஆக்குவது ஒரு கூட்டம். நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குவது மற்றொரு கூட்டம். பழைய நூல்கள் இரண்டாவது வேலையை நைட்ரோபேக்டர் செய்வதாக எழுதும். தொட்டிகளில் அதைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்பது 1990-களில் தெரியவந்தது.

இவை தண்ணீரில் மிதப்பவை அல்ல. பில்டரின் நுரைப்பஞ்சிலும் கூழாங்கல்லிலும் வழுவழுப்பாக ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவப்படுவது இந்த வழுவழுப்புத்தான். அது போனபின் அமோனியாவை மாற்ற ஆளில்லை. மீண்டும் அது முழுமையாக உருவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். கழுவிய தொட்டியில் இரண்டாம் நாள் மீன் சாவதன் காரணம் இதுவே.

முதலில் காற்று

மீன் மேலே வந்து வாயைத் திறப்பதைக் கண்டால் முதலில் கவனிக்க வேண்டியது பிராணவாயு. 10 கிராம் தீனி முழுதும் அழுக ஏறத்தாழ 10 கிராம் பிராணவாயு செலவாகும். 50 லிட்டர் தண்ணீரில் எந்த நேரத்திலும் கரைந்திருப்பதோ அரை கிராமுக்கும் குறைவு. ஒசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரே வெப்பநிலையில் சென்னைத் தண்ணீரில் கரைவதைவிட இங்கே பத்தில் ஒரு பங்கு குறைவாகவே பிராணவாயு கரையும். ஊர் குளிர்ச்சியாக இருப்பதால் அது ஓரளவு ஈடாகிவிடுகிறது என்பது உண்மை.

ஆகவே காற்று மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். இரண்டு இருந்தால் இரண்டையும் போடுங்கள். பில்டரிலிருந்து நீர் வெளிவரும் வாயை, நீர்ப்பரப்பு கலங்கும்படி மேலே தூக்கி வையுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் ஒரு குவளையால் தொட்டி நீரையே மொண்டு ஓரடி உயரத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊற்றிக்கொண்டிருக்கலாம். இரவெல்லாம் இப்படிச் செய்ய முடியாதுதான். ஆனால் நெருக்கடியான முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு இது கை கொடுக்கும்.

ஏரியிலும் இதே கதைதான். 2016 மார்ச் மாதத்தில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் சேர்ந்து நீரில் பிராணவாயு குறைந்தது அங்கே காரணமாகக் கூறப்பட்டது. பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு வளர்ப்போர் மேகமூட்டமான நாட்களில் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் அளவுக்கு மீறிப் போட்டுவிட்டு, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து திணறுவதைப் பார்த்திருப்பார்கள். குட்டையிலாவது பச்சைப் பாசி அமோனியாவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கண்ணாடித் தொட்டிக்கு அந்த உதவியும் இல்லை.

பைட்டர், கௌராமி இன மீன்கள் வெளிக்காற்றை நேரே சுவாசிக்கக்கூடியவை. பிராணவாயு குறைந்த நீரிலும் அவை தாக்குப்பிடிக்கும். அவை நன்றாக இருக்கின்றனவே என்று தண்ணீரும் நன்றாக இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. அமோனியா அவற்றையும் விடாது.

எந்தத் தண்ணீர், எவ்வளவு?

காற்றுக்கு ஏற்பாடு செய்தபின் மிதக்கும் தீனியைச் சிறு வலையால் அள்ளிவிடுங்கள். அடியில் படிந்ததை ரப்பர் குழாயால் உறிஞ்சி வாளிக்கு இறக்குங்கள். அழுக்கோடு தண்ணீரும் இறங்குவதால் இரண்டு வேலை ஒன்றாய் முடியும். கற்களை வெளியே எடுக்க வேண்டியதில்லை. குழாயின் வாயைக் கற்களுக்கிடையே செருகிச் செருகி எடுத்தால் போதும்.

இனி எவ்வளவு தண்ணீர் மாற்றுவது என்பதில்தான் இந்த வட்டாரத்தார் சற்று நின்று யோசிக்க வேண்டும். அமோனியா தண்ணீரில் இரண்டு உருவில் இருக்கிறது. ஒன்று மீனுக்கு அவ்வளவாகக் கேடு செய்யாது. மற்றது கொடிய நஞ்சு. எது எவ்வளவு என்பதை நீரின் கார அமில நிலை, அதாவது பி.எச்., தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் நூற்றுக்கு அரைப் பங்குதான் நஞ்சுருவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் ஆகிறது. எட்டரையில் 15 பங்கு. நஞ்சுருவில் உள்ள அமோனியா லிட்டருக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நலம் என்பது பொதுவான கணக்கு. மேலே சொன்ன 12 மில்லிகிராம், பி.எச். 8 உள்ள நீரில் இந்த வரம்பைப்போல் முப்பது மடங்காகும்.

இப்பகுதி கருங்கல் பூமி. ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர், காரத்தன்மை உடையது. தொட்டியில் எப்போதுமே போர் தண்ணீர்தான் ஊற்றி வந்தீர்கள் என்றால் தயக்கம் வேண்டாம். தொட்டி நீரும் வாளி நீரும் ஒரே குணம் உள்ளவை. உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் பாதி. அமோனியா நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். காரத்தன்மை கூடிய நீரில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு என்பதால் இங்கே தாமதமே ஆபத்து.

கேன் தண்ணீர் அல்லது வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி, பல மாதங்களாக மாற்றாமல் வைத்திருந்த தொட்டியின் நிலை முற்றிலும் வேறு. அந்நீரில் உப்புச்சத்து மிகக் குறைவு. நுண்ணுயிர்கள் அமோனியாவை மாற்றும்போது அமிலமும் உண்டாகும். அதைத் தாங்கும் சக்தி அந்நீருக்கு இல்லாததால் பி.எச். 6 வரைகூட இறங்கிவிடும். அங்கே அமோனியா எவ்வளவு சேர்ந்திருந்தாலும் அநேகமாக முழுதும் கேடில்லாத உருவில் தூங்கிக்கொண்டிருக்கும். மீன்கள் சோர்ந்திருந்தாலும் உயிரோடு இருக்கும். அந்தத் தொட்டியில் பாதியளவு போர் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால் பி.எச். கிடுகிடுவென்று ஏறும். தூங்கிக்கிடந்த அமோனியா நஞ்சாக விழித்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் ஊற்றிய அரை மணியில் மீன்கள் துள்ளித் துடித்துச் சாவதை இப்படித்தான் பார்க்க நேரிடுகிறது. கடையில் நோயுள்ள மீனைக் கொடுத்துவிட்டான் என்று வீணாகச் சந்தேகப்படுவார்கள்.

ஆகவே ஆர்.ஓ. நீர் ஊற்றிய பழைய தொட்டியில் ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். அதே ஆர்.ஓ. நீரில் சிறிதளவு மட்டும் போர் தண்ணீர் கலந்து, மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்க விடுங்கள். காலை, மாலை இருவேளையும் நாலைந்து நாட்களுக்கு இப்படிச் செய்தால் மீனுக்கு அதிர்ச்சி இராது. எந்த வகைத் தொட்டி என்று சந்தேகமாக இருந்தால் மீன் கடைகளில் கிடைக்கும் பி.எச். தாளை நனைத்துப் பார்ப்பது அவசியம். அமோனியா சோதனைப் பெட்டியும் கிடைக்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் நீர் மஞ்சளாக நின்றால் அமோனியா இல்லை. பச்சை ஏற ஏற அளவு அதிகம். அது காட்டுவது இரண்டு உருவும் சேர்ந்த மொத்தத்தை. ஆகையால் பி.எச். பார்க்காமல் அந்த எண்ணை மட்டும் கண்டு பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது.

மூன்றாவது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர். 2013-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தால் இவ்வட்டாரத்து ஊர்களுக்குக் காவிரி நீர் வருகிறது. குடிநீர் என்பதால் குளோரின் கலந்திருக்கும். மனிதருக்கு நன்மை செய்யும் அந்தக் குளோரின் மீனின் செவுளை அரிக்கும்; பில்டரில் உள்ள நுண்ணுயிர்களையும் கொல்லும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் பிடித்து வைத்து, காற்று மோட்டாரும் ஓடவிட்டால் குளோரின் போய்விடும். ஒரு நாள் காத்திருக்க முடியாத அவசரத்துக்கு, முன்பு போட்டோ ஸ்டூடியோக்களில் ஹைப்போ என்று வைத்திருந்த சோடியம் தயோசல்பேட் உதவும். 20 லிட்டர் வாளிக்கு இரண்டு மூன்று சிறு படிகம் போட்டுக் கலக்கினால் போதும்.

எந்தத் தண்ணீரானாலும் வெப்பநிலை ஒத்திருக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் ஒசூரில் மாடித் தொட்டியிலிருந்து விடியற்காலையில் இறங்கும் தண்ணீர் ஐஸ் போல இருக்கும். வாளியில் கொஞ்சம் வெந்நீர் கலந்து, தொட்டியிலும் வாளியிலும் கையை விட்டு ஒப்பிட்டுப் பார்த்தபின் ஊற்றுங்கள்.

லங்கணம்

தீனியை அடியோடு நிறுத்துங்கள். வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாவதில்லை. லங்கணம் பரம ஔஷதம் என்று நம் பெரியோர் மனிதருக்குச் சொன்னது மீனுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். கண்ணாடியருகே வந்து வாயைத் திறப்பதைக் கண்டு மனம் இளக வேண்டாம். கோல்டு பிஷ் மீனுக்கு இரைப்பை என்பதே கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்று அமைந்த உடல் அது. ஆள் வந்தால் தீனி வரும் என்று பழகிவிட்டதால் வாயைத் திறக்கிறதே தவிர, பசியால் அல்ல. குஞ்சுகளுக்கு மட்டும் இரண்டாம் நாளிலிருந்து நகக்கண் அளவு போடலாம்.

பில்டரை நிறுத்த வேண்டாம். அழுகல் அடைத்துத் தண்ணீர் ஓடவில்லை என்றால், தொட்டியிலிருந்து இறக்கிய நீரிலேயே நுரைப்பஞ்சை இரண்டு தடவை லேசாகப் பிழிந்து மாட்டுங்கள். குழாயடிக்குக் கொண்டுபோகக் கூடாது.

மருந்து ஊற்றுவதும் கூடாது. மேலே வந்து திணறும் மீனுக்கு ஏதோ நோய் என்று நீல மருந்தும், மனிதருக்கான மாத்திரைகளும் கரைத்து ஊற்றுகிறார்கள். மெத்திலின் நீலம் உட்படப் பல மருந்துகள் நாம் காப்பாற்றப் பாடுபடும் நுண்ணுயிர்களையே தாக்கும். தண்ணீரின் வெண்மை நாலைந்து நாளில் தானே தெளியும். தீனியைத் தின்று பெருகிய வேறு வகை நுண்ணுயிர்களே அந்த வெண்மை. அதைத் துரத்திக்கொண்டு நாள்தோறும் தொட்டியைக் காலி செய்ய வேண்டியதில்லை.

ஒரு வாரத்தில் அமோனியா இறங்கி, மீன்கள் தேறிவிட்டன என்று நினைக்கும் நேரத்தில் இரண்டாவது கண்டம் வரக்கூடும். அமோனியாவை மாற்றும் கூட்டம் முதலில் பெருகிவிடும். நைட்ரைட்டை மாற்றும் கூட்டம் பின்தங்கும். இடையில் நைட்ரைட் சேரும். அது மீனின் இரத்தத்தில் கலந்து பிராணவாயுவை ஏற்கும் சக்தியைக் கெடுக்கிறது. காற்று நன்றாக ஓடியும் மீன் திணறினால், செவுள் சிவப்பு மாறிப் பழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குக் கைமருந்து அடுக்களையிலேயே இருக்கிறது. சாதாரணக் கல் உப்பு, லிட்டருக்கு ஒரு கிராம். 50 லிட்டர் தொட்டிக்கு 50 கிராம் உப்பை ஒரு குவளை நீரில் கரைத்து, ஒரு மணி நேரத்தில் மூன்று நான்கு தடவையாக ஊற்றுங்கள். உப்பில் உள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழையாதபடி இடத்தை அடைத்துக்கொள்கிறது. இடையில் தண்ணீர் மாற்றினால் எடுத்த நீருக்கு ஏற்ற உப்பை மட்டும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் 50 கிராம் போடக்கூடாது.

மறுபடி தீனி

சோதனையில் அமோனியாவும் நைட்ரைட்டும் மறைந்தபின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்கலாம். பிறகு தினம் ஒரு வேளை. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே அளவு. மீனின் எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு என்பது கணக்கு என்றாலும், தராசில் நிறுத்துப் போடுவோர் யார்?

பருவத்தையும் பார்க்க வேண்டும். மார்கழி இரவுகளில் ஒசூர் வீடுகளில் தொட்டி நீர் 20 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். மோலி, கப்பி, ஏஞ்சல் போன்ற வெப்ப நாட்டு மீன்கள் அப்போது மந்தமாகி, தின்பது குறையும். நுண்ணுயிர்களும் மந்தமாகும். ஐப்பசியில் சரியாக இருந்த சிட்டிகை மார்கழியில் மிகையாகிவிடுகிறது. கிருஷ்ணகிரி தாழ்ந்த பூமி. கோடையில் நீர் 30 டிகிரியைத் தாண்டும். அங்கே தீனி விரைவில் அழுகும், பிராணவாயு குறைவாகக் கரையும், அமோனியாவின் நஞ்சுருவும் கூடும். ஒசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் தொட்டியோடு பழைய அளவையும் எடுத்துச் செல்லக்கூடாது.

ஷிப்ட் வீடுகளுக்கு ஒரு சுலபமான ஏற்பாடு உண்டு. தீனி டப்பாவைத் தினசரி காலண்டருக்கு அடியில் வையுங்கள். அன்றைய தாளைக் கிழிப்பவரே தீனி போட வேண்டும். தாள் கிழிந்திருந்தால் மீன் சாப்பிட்டாயிற்று என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இது விளங்கும். ஊருக்குப் போகும் நான்கைந்து நாட்களுக்கு ஒன்றும் போடாமல் போவதே நல்லது. அக்கம்பக்கத்தாரிடம் சாவி கொடுத்தால் டப்பாவைக் கொடுக்க வேண்டாம்; காகிதப் பொட்டலத்தில் ஒரு நாள் அளவை மட்டும் மடித்துக் கொடுங்கள்.

மிச்சத் தீனியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சக்கர் மீன் வாங்குவோர் பலர். அது தின்றதும் அமோனியாவாகத்தான் வெளியே வரும். போதாததற்கு ஓரடிக்கு மேல் வளர்ந்துவிடும். பிறகு இடமில்லாமல் ராமநாயக்கன் ஏரியிலோ கெலவரப்பள்ளி அணையிலோ விடத் தோன்றும். ஒருபோதும் விடக்கூடாது. தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் சக்கர் மீன் பெருகி, வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

தொட்டியிலிருந்து இறக்கிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். உப்புப் போடுவதற்கு முன் எடுத்த நீர் நல்ல தழை உரம். ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் வேரைச் சுற்றி ஊற்றலாம். உப்புப் போட்டபின் எடுத்த நீரைச் செடிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.